ஒன்பது ஆடிக்குத் துணி இல்லாதவள்

என் மகள் முதலில் அனுப்பிய படத்தில் அந்தப் பெண்ணின் தலையில் மூன்று இறகுகள் இருந்தன. கழுத்தில் புலிப்பல்லோ பன்றிப்பல்லோ, ஏதோ ஒரு பல். கன்னத்தில் நீலக் கோடுகள். இடுப்பில் ஓலையால் செய்த பாவாடை. அவள் கையை உயர்த்தினால் பின்னால் கடல் எழுந்து நிற்கிறது. கீழே மகள் எழுதியிருந்தாள்: "அப்பா, இவ நம்ம காரைக்கால் பொண்ணாம்."

"எந்தத் தெரு? பஸ் ஸ்டாண்ட் பக்கம் இந்த மாதிரி யாரையும் பாத்ததில்லையே. வேலைக்கு வெளியூர் போயிருக்காளோ?" என்று பதில் அனுப்பினேன். வழக்கமாக நான்கைந்து சிரிப்புப் பொம்மைகள் வரும். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. போன்தான் வந்தது.

மகள் சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் பாத்திரங்களை வரைகிறாள். கதை பிரான்சில் எழுதப்படுகிறது, படம் இங்கே வரையப்படுகிறது. கதை ஒரு மாயத் தீவில் நடக்கிறது. அலைகளோடு பேசும் ஒரு சிறுமி அதில் கதாநாயகி. அவளுடைய அம்மா வழி முன்னோர், தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடிய அடிமைகள். அப்பா வழி, நம் கரையிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன கூலிகள். அந்த அப்பா வழியில் முதன்முதலாகத் தீவில் கால் வைத்தவள்தான் இந்த இறகுக்காரி. அவளுடைய கண்ணாடி வளையலில்தான் சக்தி முழுவதும் இருக்கிறதாம்.

"பூர்வீகம்னா அவங்களுக்கு இறகு வேணும்பா. இறகு இல்லாம வரைஞ்சா எந்த ஊர்க்காரின்னு தெரியலைங்கறாங்க. நான் அந்த ஊர்தான், எங்க ஊர்ல இப்படி இல்லைன்னு சொல்லிட்டேன். அப்ப எப்படின்னு மூணு வாரத்துல காட்டுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு நெஜமான துணி வேணும், நெஜமான நகை வேணும். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? செத்துப்போனவர்கள்தானே என் தொழில். காரைக்காலில் எனக்கு ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு ஸ்கேனர். பாட்டன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார், பாட்டி பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு அந்தப் பழைய காகிதங்களைப் படித்துச் சொல்வேன், மொழிபெயர்ப்பேன், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். குழி வெட்டுகிறவர் உள்ளே அனுப்புகிறார், நான் வெளியே எடுக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று கல்யாண வீடுகளில் சொல்லி நிறையச் சிரிக்க வைத்திருக்கிறேன். என்னை நானே கடைசித் துபாசி என்று சொல்லிக்கொள்வேன். வெள்ளைக்காரன் பேசியதைத் தமிழில் சொல்லவும், தமிழன் பேசியதை வெள்ளைக்காரனிடம் சொல்லவும் அந்தக் காலத்தில் இருந்தார்களே, அந்தத் துபாசி.

"கோட்டுச்சேரிமேட்டுல ஒரு அக்கா இருக்காங்க. அவங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு அப்படியே கப்பல்ல போயிருக்கு. வா, கூட்டிட்டுப் போறேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். என் வாயை நானே பிடித்து மூடியிருக்க வேண்டிய இடம் அது.

வைகாசியில் வந்தாள். மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. விசைப்படகு ஆட்கள் வீட்டிலேயே இருந்ததால் தெரு முழுக்க ஆண்கள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மீன் விற்கிறவர். ஒருகாலத்தில் கூடையைத் தலையில் சுமந்து போனவர், இப்போது ஷேர் ஆட்டோவில் போகிறார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க தம்பி! இது உங்க பாப்பாவா? உங்கள மாதிரி இல்லாம நல்லா இருக்கே!"

"அவங்க அம்மா சாயல்க்கா. நான் வெறும் போக்குவரத்துச் செலவு மட்டுந்தான்" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சிரித்தது அதுதான் கடைசி.

மகள் விஷயத்தைச் சொன்னாள். கப்பல் ஏறிய பெண் என்ன உடுத்தியிருப்பாள், என்ன வளையல் போட்டிருப்பாள், ஏதாவது வீட்டில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"அவ துணி ஏதும்மா, எந்தக் காலத்துக் கதை. ஆனா அவளுக்குன்னு நாங்க வெச்ச துணி இருந்துச்சு. கன்னிப் பெட்டி தெரியுமா உனக்கு?"

மகளுக்குத் தெரியாது. நாங்கள் வேதக்காரக் குடும்பம், மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். செத்தவர்களுக்குக் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுவதோடு சரி. அக்கா விளக்கினார். வயசுக்கு வந்து கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் செத்துப்போனால் அவள் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். வருடத்தில் ஒருநாள் அவளுக்குப் புதுப் பாவாடை, சட்டை, வளையல், சாந்து எல்லாம் வைத்துப் படைக்க வேண்டும். பிறகு அதை ஓலைப்பெட்டியில் வைத்துக் கட்டித் தொங்கவிட வேண்டும். அடுத்த வருடம் புதுசு வைக்கும்போது பழசை எடுத்து வீட்டில் அந்த வயதுப் பெண்ணுக்கு உடுத்திவிடுவார்கள். இவர்கள் வீட்டில் ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி அந்த நாள்.

"கப்பல்ல போனவ செத்தாளா இருக்காளான்னே அப்ப யாருக்கும் தெரியாது. ஆனா எங்க பாட்டன் காலத்துல ஒரு தடவ சாமி வந்து, நான் வெளியில நிக்கிறேன், குளுருது, துணி குடுங்கன்னு கேட்டுச்சாம். அதுலேர்ந்து வெச்சோம். சுனாமி அன்னிக்குக்கூட நான் அந்தப் பெட்டிய இடுப்புல இடுக்கிக்கிட்டுத்தான் ஓடுனேன். பாஸ்புக்க விட்டுட்டேன், அத விடல."

"இப்ப எங்க இருக்கு பெட்டி? நான் பாக்கலாமா?" மகள் நோட்டை எடுத்துவிட்டாள்.

"இப்ப வைக்கிறதில்லம்மா. பரண்ல கெடக்கு. உங்க அப்பா புண்ணியத்துலதான்!" அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு நன்றி. "அவ அங்க நல்லபடியா போய்ச் சேந்து, கல்யாணம் கட்டி, நாலு புள்ள பெத்து வாழ்ந்தான்னு காயிதத்துல இருந்துச்சுன்னு இவருதான் படிச்சுச் சொன்னாரு. புருஷன் புள்ளைன்னு வாழ்ந்தவளுக்கு எதுக்குப் பாவாடை? அப்ப துணி கேட்டு வந்தது வேற எவளோன்னு நெனச்சு நிறுத்திட்டோம். ஒன்பது ஆடி ஆச்சு."

நான் எழுந்துகொண்டேன். கழிவறை எங்கே என்று கேட்டேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா என் மேஜைக்கு வந்து, கப்பல் ஏறிய பெண்ணைப் பற்றிப் பதிவு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். பிரான்சில் பழைய பதிவேடுகளைத் தேடிப் பார்க்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். அவருக்கு எழுதிப் போட்டேன். சில வாரங்களில் ஒரு பக்கத்தின் படம் வந்தது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பட்டியல். அதில் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது பதினாறு, உயரம், இடது புருவத்தில் தழும்பு. எல்லாம் பொருந்தியது. கடைசிக் கட்டத்தில் குறிப்பு: பதினெட்டாம் நாள் கடலில் இறந்தாள்.

அக்காவை வரச் சொன்னேன். ஒரு பையில் நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக உண்மையைச் சொல்லத்தான் எடுத்தேன். "அக்கா, நல்லபடியா போய்ச் சேந்துட்டா" என்று வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்குக் கைத்தட்டல் மாதிரி இருந்தது. கைத்தட்டினால் நான் நிறுத்துகிற ஆளா? கல்யாணம் ஆனது என்றேன். மாப்பிள்ளை சர்க்கரை ஆலையில் வேலை என்றேன். நாலு பிள்ளைகள். வீட்டு வாசலில் ஒரு மாமரம். அந்த மாமரத்தை எதற்கு நட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிரெஞ்சு அரசாங்கம் எந்தக் காலத்தில் பதிவேட்டில் மாமரத்தை எழுதியது? அக்கா அழுதார், சிரித்தார், இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நான் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு பாவமும் அறியாத பொய் என்று நினைத்தேன். செத்து எத்தனையோ தலைமுறை ஆனவளுக்கு என்ன நஷ்டம்? எனக்குக் கன்னிப் பெட்டியைப் பற்றி அன்றைக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மகள் அக்காவின் வீட்டில் மற்றப் பெண்களின் பழைய பாவாடைகளையும் வளையல்களையும் வரைந்துகொண்டு சென்னைக்குப் போனாள். நான் வீட்டில் பிரஷர் பார்க்கிற மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஏறியது. பார்ப்பதால்தான் ஏறுகிறது என்று மனைவி மிஷினைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். என்ன விஷயம் என்று அவளிடம் சொல்லவில்லை. வெயில் என்றேன்.

பத்து நாள் கழித்து மகள் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இறகு போய்விட்டதாம். ஓலைப் பாவாடையும் போய்விட்டது. பச்சைப் பாவாடை, கட்டம் போட்ட சட்டை, கண்ணாடி வளையல், எண்ணெய் வைத்து இழுத்துப் போட்ட கொண்டை. எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். "இப்ப ஒயர வரிசை வரையணும்பா. எல்லாப் பாத்திரத்தையும் பக்கத்துப் பக்கத்துல நிக்க வெச்சு, யாரு எவ்வளவு ஒயரம்னு கோடு போடுவோம். அந்தக் காலத்துப் பதினாறு வயசுப் பொண்ணு எவ்வளவு ஒயரம் இருந்திருக்கும்?"

"நூத்தி நாப்பத்தாறு சென்டிமீட்டர்" என்றேன். படக்கென்று வந்துவிட்டது, ரேஷன் கார்டு எண்ணைச் சொல்வதுபோல. ஒன்பது வருடமாக அந்த வரி எனக்குள் அப்படி இருந்திருக்கிறது.

"எப்படித் தெரியும்? அந்தப் பேப்பர்ல ஒயரம்கூடப் போட்டிருக்கா? அத எனக்கு அனுப்புங்கப்பா. எவ்வளவு முக்கியமான விஷயம், ஏன் முதல்லயே அனுப்பல?"

"அது எங்கயோ இருக்கு. கம்ப்யூட்டர் வேற மெதுவா ஓடுது. ஸ்கேனர்ல பூச்சி பூந்திருக்கு."

"அப்பா."

அந்த ஒரு சொல்லை அப்படிச் சொல்வதை என் மகள் அவளுடைய அம்மாவிடம் கற்றிருக்கிறாள். அனுப்பிவிட்டேன். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது என்ற ஒரு தைரியம். இந்தக் காலத்தில் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை, போனை அதன்மேல் காட்டினால் போதும், போனே படித்துச் சொல்லிவிடும் என்பதை நான் மறந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் திரும்ப அழைத்தாள்.

"கடலில் இறந்தாள்னு வருதேப்பா."

"போன் தப்பா படிக்கும்மா. போன வாரம் ஒரு ஓட்டல் மெனுவ..."

"அப்பா, நீங்க அழுவறீங்களா?"

"ஜலதோஷம்."

அவள் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கத்தினால் நான் ஒரு ஜோக் சொல்லியிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "அந்த அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் வந்து சொல்லட்டுமா? ஆடி மூணாம் வெள்ளிக்கு முன்னாடி தெரியணும். இன்னொரு வருஷம் அந்தப் பொண்ணு துணி இல்லாம நிக்கக் கூடாது." வேதக்காரப் பிள்ளை, கணினியில் படம் வரைகிற பிள்ளை, செத்தவளுக்குக் குளிரும் என்று பேசுகிறது. எனக்குத் தோன்றாதது அதற்குத் தோன்றியது.

நான் சொல்கிறேன் என்றேன்.

சொல்லப் புறப்பட்ட கதையை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனி மாதம், தடைக்காலம் முடிந்து மீன் வரத் தொடங்கியிருந்தது. முதல் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு திருவேட்டக்குடி வரை போனேன். அங்கே வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்தேன். வயிறு சரியில்லை என்று திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் அக்கா வீடு வரை போனேன். "என்ன தம்பி, இவ்ளோ தூரம்?" என்றார். "மீன் வாங்கலாம்னுக்கா" என்றேன். சங்கரா வாங்கினேன். மூன்றாம் தடவை கிழங்கான். நான்காம் தடவை மத்தி. ஒவ்வொரு தடவையும் கூடுதலாக இரண்டு மீனை அள்ளிப் பையில் போட்டு, "எங்க வீட்டுக் கன்னிக்கு நல்ல சேதி சொன்ன ஆளு, உங்களுக்கு எடை பாப்பேனா?" என்றார். அந்த இரண்டு மீன்தான் பையிலேயே கனமானவை.

"ஏங்க, இருக்கறது நாம ரெண்டு பேரு. ஃப்ரிட்ஜத் தொறந்தா எல்லாம் என்னையே மொறைக்குது. மீன் கடை போடப் போறீங்களா, இல்ல அந்தப் பக்கம் வேற ஏதாவது சோலியா?" என்றாள் மனைவி.

மாதா கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தேன். மூன்று ஜெபமாலை சொல்லச் சொல்வார், சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது என்று ஒரு நப்பாசை. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? கோட்டுச்சேரிமேட்டுக்குப் பஸ் இருக்குல்ல?" என்றார். சாமியார்களுக்கு முன்னே மாதிரி இரக்கம் கிடையாது.

அந்த வாரம் மகளிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. முதல் படம் தீவில் அந்தப் பெண்ணின் வீடு. வாசலில் ஒரு மாமரம். இலை இலையாக, காய் காயாக, வெயில் பட்டுப் பளபளக்கிறது. உண்மையை அவள் கம்பெனியில் சொல்லியிருக்கிறாள். இவள் கடலிலேயே செத்துப்போனாள், தீவுக்குப் போய்ச் சேரவே இல்லை என்று. எழுதுகிறவர்கள் மிகவும் வருத்தப்பட்டார்களாம். பிறகு, இது குழந்தைகள் பார்க்கிற படம், அவள் போய்ச் சேரத்தான் வேண்டும், அந்த மாமரம் ரொம்ப அழகான விவரம், அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மாமரத்தை அவளுக்கு அக்கா சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு நான் சொன்னேன். அவசரத்தில் ஒரு பொய்யன் நட்ட மரம், கடல் தாண்டிப் போய் ஊர் ஊராகக் குழந்தைகள் பார்க்கப்போகிறது.

இரண்டாவது படம் ஒரு ஆள். தலையில் முண்டாசு, தொப்பை, சட்டைப் பையில் இரண்டு பேனா, மேல் உதட்டை மறைக்கிற மீசை, வாயெல்லாம் சிரிப்பு. என்னைத் தெரிந்த யாரும் ஒரு விநாடியில் அடையாளம் கண்டுவிடுவார்கள். கீழே எழுதியிருந்தாள்: "புதுப் பாத்திரம். துபாசி. கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி வெள்ளைக்கார அதிகாரி ஒவ்வொருத்தர்கிட்டயும், விருப்பப்பட்டுத்தான் போறியான்னு கேக்கணுமாம். இவர்தான் நடுவுல நின்னு தமிழ்ல கேப்பாரு. அவங்க என்ன சொன்னாலும், ஆமான்னு பிரெஞ்சுல சொல்லிருவாரு. அவங்ககிட்ட, அங்க நல்லா இருக்கும், பயப்படாதேம்பாரு. கெட்டவர் இல்லப்பா. யாரும் அழறத அவரால பாக்க முடியாது. அவ்வளவுதான்."

முதலில் சிரித்தேன். தொப்பையைக் குறைத்து வரைந்திருக்கலாம் என்று பதில் அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் விரல் நின்றுவிட்டது. அந்தப் பதினாறு வயதுக்காரி கப்பல் ஏறும் முன் இப்படி ஒருவன் முன்னால் நின்றிருப்பாள். அவன் அவளிடமும் எதையாவது நட்டிருப்பான். வீடு, சோறு, ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடலாம். அவள் அதை நம்பி ஏணியில் கால் வைத்திருப்பாள். அவளுக்கு வாழ்நாளில் கிடைத்த துபாசி ஒருவன். செத்தபிறகு கிடைத்தவன் நான்.

படத்தை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன். திருவேட்டக்குடியில் டீக்கு நிறுத்தவில்லை.

அக்கா கொல்லையில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு மீன் இல்லியே தம்பி" என்றார். நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும். பதினெட்டாம் நாள் என்றும் சொன்னேன். சர்க்கரை ஆலை இல்லை, பிள்ளைகள் இல்லை, மாமரம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடுங்கினேன். கடைசியில், "நீங்க அழுவீங்களேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"அழுதா என்ன? அழுதா செத்தா போயிருப்பேன்? அவளுக்கு அழத்தான நாங்க இருக்கோம்."

கையிலிருந்த கருவாட்டை உதறிவிட்டு எழுந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு அடி பின்னால்கூட வைத்தேன். அவர் என்னைக் கடந்து வீட்டுக்குள் போய் ஏணியை எடுத்துவந்து பரணில் சாய்த்தார்.

"ஏறுங்க."

ஏறினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் பரண் ஏறி இருபது வருடம் இருக்கும். தலையை நுழைத்தேன், தோள் நுழைந்தது, வயிறு மாட்டிக்கொண்டது. வேறொரு நாளாக இருந்தால் அந்த இடத்திலிருந்தே பத்து ஜோக் சொல்லியிருப்பேன். பழைய வலை, உடைந்த மின்விசிறி, ஒரு மூட்டை கயிறு, அதற்குப் பின்னால் ஓலைப்பெட்டி. இறக்கிக் கொடுத்தேன். மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு உடைந்த வளையல் துண்டும், இறந்த பூச்சிகளும்.

"கடைசியா வெச்ச பாவாடைய எடுத்து என் பேத்திக்குப் போட்டுட்டேன். அவளுக்குத்தான் வேணாமேன்னு. அவ வெளியில நின்னு கேட்டாளே, குளுருதுன்னு கேட்டாளே. அது அவதான் தம்பி. வேற யாரும் இல்ல." குரல் உயரவே இல்லை. "நீங்க சிரிப்புக்காரரு. உங்களுக்கு ஒரு வார்த்தை. அவ ஒன்பது ஆடி துணியில்லாம நின்னிருக்கா. சாமியா வந்து கேட்டத நாங்க நம்பல, நீங்க சொன்னத நம்புனோம். படிச்சவரு சொல்றாருன்னு."

நான் ஏணியின் கடைசிப் படியில் நின்றேன். இறங்கத் தோன்றவில்லை.

"அவ ஒயரம் போட்டிருக்கா அதுல?" என்றார்.

சொன்னேன். அவர் கையைத் தன் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டார். "குட்டைதான்" என்றார். "நாங்க தலைமுறையா நீளமாத் தெச்சுட்டோம்." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மூணாம் வெள்ளிக்கு வாங்க. அந்தக் காயிதத்தக் கொண்டாந்து அவ முன்னாடி படிங்க. ஒண்ணும் சேக்காம படிங்க."

மகள் சென்னையிலிருந்து வந்தாள். வரைகிற கருவி பையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. அக்கா வீட்டுக் கூடத்தில் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, முன்னால் வாழையிலை. பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்த உருண்டை, கொழுக்கட்டை, தேங்காய், பழம். நடுவில் அளவாகத் தைத்த பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை, ஒரு டஜன் வளையல். அக்காவின் மருமகளும் பேத்தியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னை வாங்க என்று சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அதுதான் சரி.

காகிதத்தைப் பிரித்தேன். முதலில் பிரெஞ்சில் படித்தேன், எழுதியிருக்கிறபடியே. அந்த வீட்டில் அந்த மொழி ஒலித்தது எனக்கே காதில் உறுத்தியது. பிறகு தமிழில். எண். அவள் பெயர். தகப்பன் பெயர். ஊர். வயது பதினாறு. உயரம். இடது புருவத்தில் தழும்பு. பதினெட்டாம் நாள் கடலில் இறந்தாள். அவ்வளவுதான் இருந்தது. படித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின்னால் ஒரு பெண் விசும்பினாள்.

அக்கா இலையைப் பார்த்தபடி கேட்டார். "என்ன நோவுன்னு போட்டிருக்கா?"

"போடலக்கா."

"பதினெட்டு நாள்ல கப்பல் எம்மாந் தூரம் போயிருக்கும்?"

"தெரியலக்கா."

"தூக்கிப் போடறப்ப, துணி சுத்திப் போட்டிருப்பாங்களா?"

"தெரியலக்கா."

சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. அக்கா தலையை நிமிர்த்தி, ஒன்பது வருடத்துக்கு முன் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்ததுபோலவே என் வாயைப் பார்த்தார்.

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா தம்பி? நம்மூர்ப் பொம்பள யாராவது?"

அந்தப் பட்டியலில் அதே ஊர்க்காரி ஒருத்தியைச் சேர்க்க எனக்கு ஒரு நொடி போதும். முடி நரைத்தவள், இவள் தலையை மடியில் வைத்துக்கொண்டவள், வாயில் தண்ணீர் ஊற்றியவள். அவள் பெயர்கூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. என் மகள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை மடித்தேன்.

"தெரியலக்கா. அதுல இல்ல."

அக்கா தலையை அசைத்தார். பாவாடையைக் கையில் எடுத்து, மடிப்பைப் பிரித்து உதறி, மறுபடியும் சின்னதாக மடித்தார். பேத்தி சூடத்தைக் கொளுத்தினாள். எல்லாரும் எழுந்து நின்றோம்.